காசு கொடுத்து எடுத்த ஸ்பெக்ட்ரத்துக்கு நன்றி எதற்கு?

ஐயா, வணக்கம்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். என் முதல் கட்டுரை இதழுக்குப் போக இருக்கிறது. எங்கள் கல்லூரியில், மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி இல்லாததால் மாதிரிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கு அனுப்பி, கட்டணம் செலுத்தி, ஸ்பெக்ட்ரங்களை, அதாவது கருவி பதிந்து தரும் வரைபடங்களை, பெற்றோம். ஒற்றைப் படிக எக்ஸ்ரே ஆய்வை வேறொரு பல்கலைக்கழகத்தில் செய்தோம். அங்கே கருவியை இயக்குபவர் எங்கள் படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இது இரட்டைப் படிகம் (இரண்டு படிகங்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்தது), கரைப்பானை மாற்றி மறுபடி வளர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார். அப்படிச் செய்த பிறகுதான் அமைப்பு கிடைத்தது. இதையெல்லாம் நன்றியுரையில் எழுதலாமா என்று கேட்டால், "காசு கொடுத்துத்தானே எடுத்தோம், கடைக்காரருக்கு யாராவது நன்றி எழுதுவார்களா?" என்கிறார் என் நெறியாளர். ஆனால் இந்த வேலைக்குத் தொடர்பே இல்லாத தம்முடைய வேறொரு திட்டத்தின் எண்ணை மட்டும் கட்டாயம் போடச் சொல்கிறார். 'நன்றி மறப்பது நன்றன்று' என்று படித்து வளர்ந்த எனக்கு இது உறுத்தலாக இருக்கிறது. என்ன எழுதுவது?

— ஓர் ஆய்வு மாணவி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

குறளை இந்த இடத்தில் விட்டுவிடுவோம். உங்கள் நெறியாளரை அதைக் கொண்டு மடக்க முடியாது, ஏனென்றால் விஷயம் நன்றி மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால் அவர் கேட்பது நியாயமான கேள்வி. 'நன்றியுரை' என்று நாம் வைத்துவிட்ட பெயர்தான் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் பெற்றோருக்கும் விடுதித் தோழிகளுக்கும் எழுதுவது நன்றி. இதழ்க் கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் வருவது கணக்கு: இந்தத் தரவு எந்தக் கருவியில், எங்கே, யார் கையால், எவர் பணத்தில் உருவானது என்ற கணக்கு. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், எந்த ஏட்டுப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்று குறித்துவைத்ததில் பணிவும் நன்றியும் உண்டுதான். ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒரு பாடபேதம் எந்த வீட்டு ஏட்டிலிருந்து வந்தது என்று பின்னால் வருபவர் தேடிப்போக வழியே இருந்திருக்காது. உங்கள் ஸ்பெக்ட்ரமும் அப்படி ஓர் ஏடுதான்.

இனி அந்தக் 'காசு'. என்.எம்.ஆர். கருவியின் காந்தம் மீகடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள். அதன் சுருள் எந்நேரமும் திரவ ஹீலியத்தில், ஏறத்தாழ மைனஸ் 269 பாகையில், மூழ்கிக் கிடக்க வேண்டும். அதைச் சுற்றிப் பொதுவாகத் திரவ நைட்ரஜன் உறை ஒன்று இருக்கும். மாதிரி வந்தாலும் வராவிட்டாலும், பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை விட்டாலும், நைட்ரஜனை வாரம்தோறும் ஒருவர் வந்து நிரப்பியாக வேண்டும். ஹீலியத்துக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பெரிய தொகை போகும். கருவியின் விலை, குளிர்சாதனம், மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், இயக்குபவரின் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கல்வி நிறுவன மாணவர்களுக்கென்று வைத்திருக்கும் கட்டணம் அதில் ஒரு சிறு பகுதிக்குக்கூடக் காணாது. மிச்சத்தைக் கட்டுவது பொதுப்பணம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை எழுபதுகளில் மண்டல நுண்கருவி மையங்கள் என்று தொடங்கி, இப்போது வேறு பெயரில் நடத்திவருகிற இந்த மையங்கள், உங்கள் கல்லூரியைப்போலக் கருவி வாங்க வசதியில்லாத இடங்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை. கடைக்காரர் உவமை இங்கே உடைந்துவிடுகிறது. நீங்கள் கொடுத்தது விலையன்று, பேருந்துக் கட்டணம்போல ஒரு பங்குதான்.

மையத்துக்கு அடுத்த தவணை நிதி வேண்டும் என்றால் மதிப்பீட்டுக் குழு கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கருவியால் என்ன வெளிவந்தது என்பது. நான் பணியில் இருந்தபோது ஒருமுறை அப்படி ஓர் அறிக்கை தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எக்ஸ்ரே அறையில் நீல அட்டை போட்ட, முனை மடங்கிய பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. தேதி, மாதிரி எண், கல்லூரி, நெறியாளர் பெயர், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்று பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நெறியாளர் பெயராகக் கணினியில் தட்டி, வெளிவந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தோம். எங்கள் கருவியில் எடுத்த படிகத் தரவு பல கட்டுரைகளில் கண்ணெதிரே இருந்தது. அலகுக்கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின், அளவுகள் எங்கள் கோப்போடு தசமத்தானம்வரை பொருந்தின. ஆனால் கருவி எங்கே இருக்கிறது என்பது ஒரு வரியிலும் இல்லை. அவற்றை எங்கள் கணக்கில் காட்ட முடியவில்லை. பதிவேட்டை நகலெடுத்து இணைத்தோம். மாதிரிகளின் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் கூட்டிக்காட்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

அடுத்து, கரைப்பானை மாற்றச் சொன்னவர். மையத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அவருக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மாதிரியை வாங்கி, வழக்கப்படி தரவெடுத்து, கோப்பை அனுப்பியிருந்தால் அது சேவை. மையத்தின் பெயர் போதும். உங்கள் படிகத்தின் கோளாறைக் கண்டுபிடித்து மாற்றுவழி சொன்னது அறிவுப் பங்களிப்பு. அவருடைய பெயரும் அவர் செய்ததும் வெளிப்படையாக வர வேண்டும். அமைப்பைத் தீர்த்து, தரவுக்கு விளக்கம் தந்து, கட்டுரையின் அந்தப் பகுதியை எழுதவும் உதவினார் என்றால் நன்றியுரை போதாது, இணை ஆசிரியராக்க வேண்டுமா என்று பேச வேண்டும். கட்டணம் வாங்கினார்கள் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது என்பதுதான், கருவி மையங்களை நடத்துவோர் மற்ற நாடுகளிலும் கடைப்பிடிக்கும் நிலைப்பாடு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு மறுபக்கத்தையும் சொல்கிறது: நிதி பெற்றுத் தந்தது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது. நம் துறைகள் சிலவற்றில் இதை உரக்கப் படித்தால் பாதி ஆசிரியர் பட்டியல் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும்.

இதை மேடையில் நின்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் ஆரம்பக் கட்டுரை ஒன்றில், எனக்காகக் கண்ணாடிக் குழாயை ஊதி வளைத்து, வெற்றிடம் கசியும் இடத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்த பட்டறைக்காரரின் பெயரை விட்டுவிட்டேன். மறந்ததல்ல, பட்டறை ஆளின் பெயரைப் போடுவதா என்று மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார், நான் அந்தப் பெயரை அடித்து நீக்கிவிட்டேன். கட்டுரை அச்சாகி வந்தபோது பட்டறைக்காரரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்.

மேதைகளும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தியைத் தேடிப் படித்துப் பாருங்கள். வில்கின்ஸ், ஃபிராங்க்ளின், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அவர்களுடைய சகாக்கள் ஆகியோரின் வெளிவராத ஆய்வு முடிவுகளின் 'பொதுவான தன்மை'யை அறிந்திருந்தது தங்களைத் தூண்டியது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்குழுவில் 1952 மே மாதம் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படத்தை வாட்சன் பார்த்திருந்தார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய உள்சுற்று அறிக்கை கிரிக்கின் கைக்கு வந்திருந்தது. அது பொதுவான தன்மையை அறிந்ததோடு நிற்கிற விஷயமன்று. ஆனால் அதே பத்தியில், வாட்சனுக்கு உதவித்தொகை தந்த இளம்பிள்ளைவாத நிதியத்தின் பெயர் பிழையில்லாமல் முழுதாக இருக்கிறது. பணம் தந்தவர் துல்லியமாகவும் தரவு தந்தவர் பூசி மெழுகியும் வருகிற இந்த வழக்கத்தைத்தான் உங்கள் நெறியாளரும் பின்பற்றச் சொல்கிறார், அவர் அறியாமலே.

வானியலாளர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவு. புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தி எழுதும் கட்டுரைகளில், இந்த அவதானிப்புகளைச் சாத்தியமாக்கிய ஊழியர்களுக்கு நன்றி, இதை நடத்துவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் என்ற வரிகள் ஏறக்குறைய மாறாமல் வரும். திருச்சி என்.ஐ.டி.யின் 'பரம் பொருள்' உள்ளிட்ட தேசிய மீக்கணினித் திட்டத்துக் கணினிகளுக்கும் இப்படி வகுத்துவைத்த வாசகம் உண்டு. நீங்கள் மாதிரி அனுப்பிய மையங்களின் விண்ணப்பப் படிவத்திலோ இணையதளத்திலோ அப்படி ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் அதையே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். தேடுபொறியில் அந்தப் பெயர் சிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது வகுக்கப்பட்டிருக்கிறது.

தொடர்பில்லாத திட்ட எண்ணைப் போடுவது சரியன்று, அவ்வளவுதான். நிதி கொடுத்த அமைப்பிடம் 'உங்கள் பணத்தில் இது நடந்தது' என்று பொய்க்கணக்கு காட்டுவது அது. 2008 முதலே 'வெப் ஆஃப் சயின்ஸ்' என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளம் நிதிக் குறிப்புகளைத் தனியாகப் பிரித்துச் சேமிக்கிறது. எந்தத் திட்டத்துக்கு எத்தனை கட்டுரை என்று பார்ப்பது இன்று எளிது. உங்கள் நெறியாளரோடு இதற்காக மல்லுக்கு நிற்கச் சொல்லமாட்டேன், அவர் கையெழுத்தில்லாமல் உங்கள் பட்டம் நகராது என்பது எனக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் வாங்கிய வேதிப்பொருளோ கரைப்பானோ இந்த ஆய்வில் பயன்பட்டதா என்று பணிவாகக் கேளுங்கள். பயன்பட்டிருந்தால் எந்த அளவுக்கு என்று சொல்லி எழுதிவிடலாம். இல்லையென்றால் அந்தக் கேள்வியே அவருக்குப் பதிலாகிவிடக்கூடும். உங்கள் உதவித்தொகை இருந்தால், அனுமதி ஆணையில் உள்ள கோப்பு எண்ணோடு அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். நிதி தந்த அமைப்பே இடையில் பெயர் மாறியிருந்தால், உதாரணமாக அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம் வந்திருப்பதுபோல, ஆணையில் இருந்த பெயரை எழுதி, இன்றைய பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள்; பொருள் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: 'என்.எம்.ஆர். ஸ்பெக்ட்ரங்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் இன்ன மையத்தில் பதிவு செய்யப்பட்டன. படிகத் தரவு இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன கருவியில் பெறப்பட்டது. முதல் படிகம் இரட்டைப் படிகம் எனக் கண்டறிந்து கரைப்பானை மாற்றப் பரிந்துரைத்தவர் இன்னார்.' கருவியின் பெயரையும் மாடலையும் செய்முறைப் பகுதியிலும் ஒருமுறை எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த வரிகளை அவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெயர் போட்டால் முடிவுகளையும் அவர் ஏற்றுக்கொண்டதாக வாசகர் எடுத்துக்கொள்ள இடமுண்டு, அதை அவர் விரும்பாமல் போகலாம். கட்டுரை வந்ததும் இரண்டு மையங்களுக்கும் ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அங்கே யாரோ ஒருவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் நெறியாளரின் பெயரைத் தட்டித் தேட வேண்டிய வேலை மிச்சமாகும்.