வாஷகியின் வெந்நீரூற்று: கொடையா, விலையா?

கேள்வி (சேலம் வாசகர்): அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தெர்மோபோலிஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வெந்நீரூற்றை ஷோஷோனி இனத் தலைவர் வாஷகி வெள்ளையருக்குத் தானமாகக் கொடுத்தார் என்றும், அந்தத் தானத்தைக் கொண்டாடும் நாடகம் ஒன்று அங்கே நடத்தப்படுகிறது என்றும் படித்தேன். உண்மைதானா?

பதில்: நாடகம் உண்மை. ‘நீர்க்கொடை’ என்று பொருள்படும் பெயரோடு 1925ஆம் ஆண்டு முதன்முதலாக அரங்கேறிய அந்தக் காட்சி, ஊற்றின் கரையிலேயே, ஷோஷோனி மக்களும் பங்கேற்க, கோடைக்காலத்தில் நடத்தப்படுகிறது. ஆனால் நடந்தது தானம் அன்று, விற்பனை. அதற்கு ஆவணம் இருக்கிறது.

1896 ஏப்ரல் 21 அன்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஷோஷோனியர் சார்பில் வாஷகியும், அவர்களுக்கென அரசு ஒதுக்கியிருந்த நிலத்திலேயே (இதுதான் ஒதுக்கீட்டு நிலம்) குடியமர்த்தப்பட்டிருந்த அரபஹோ இனத்தார் சார்பில் ஷார்ப் நோஸும் ஒப்புக்கொண்டார்கள். அரசின் சார்பில் பேச வந்தவர் ஜேம்ஸ் மெக்லாக்லின். 1890 டிசம்பரில் லகோட்டா இனத் தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்ய ஆணையிட்டு, அந்தக் கைதின்போதே அவர் சுட்டுக் கொல்லப்படக் காரணமாக இருந்த அதிகாரி இவர்தான். ஆகவே எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை அறியாமல் முதியவரான வாஷகி பேசியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

அவுல் கிரீக் ஓடை பிக் ஹார்ன் ஆற்றில் கலக்கும் முனையில் தொடங்கித் தெற்கே 10 மைல், மேற்கே 10 மைல், பிறகு வடக்கே ஓடை வரை என்று எல்லை குறிக்கப்பட்டது. விலை 60,000 டாலர். இதில் 10,000 டாலரை ஒப்பந்தம் நிறைவேறியவுடன் தலைக்கு இவ்வளவு என்று ரொக்கமாகப் பங்கிடுவது, மீதி 50,000 டாலரை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கால்நடை, உணவுப் பொருள், கல்வி போன்றவற்றுக்கு அரசே செலவிடுவது என்று முடிவாயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான் வருகிறது. வேட்டைக்கு இருந்த காட்டெருமைகள் 1880களிலேயே அழிந்துவிட்டன. அரசு வழங்கும் உணவுப்படி போதவில்லை. பசித்திருந்த மக்களுக்கு உடனே கையில் கிடைக்கக்கூடியதாக இருந்தது இந்த நிலத்தின் விலைதான்.

அப்படியானால் ‘கொடை’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் அந்த ஒப்பந்தத்திலேயே வேர் இருக்கிறது. ஊற்று என்றென்றும் பொதுமக்களின் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அங்கே எழுப்பப்படும் வசதிகளை மற்றவர்களோடு சேர்ந்து பழங்குடியினரும் அனுபவிக்கலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நிலத்துக்கு விலை உண்டு, நீர் மட்டும் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்ற இந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் ஒரு தனிமனிதரின் தானமாக உருமாறியது. விற்றவன் கதையைவிடக் கொடுத்தவன் கதை வாங்கியவனின் மனத்துக்கு இதமாக இருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1897 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு இசைவு தந்தபோது, ஊற்றைச் சூழ்ந்த ஒரு சதுர மைலை வயோமிங் மாநிலத்துக்குக் கொடுத்தது. இன்றைய வெந்நீரூற்று மாநிலப் பூங்கா அதுதான். அம்மாநிலத்தின் முதல் பூங்காவும் அதுவே. எஞ்சிய நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒப்பந்தத்துக்கு முன்பு ஓடை முகத்துவாரத்தில் இருந்த தெர்மோபோலிஸ் ஊரும் அந்த ஆண்டிலேயே ஆற்றின் மேல்பக்கமாக, ஊற்றை நோக்கி இடம் பெயர்ந்தது. ‘வெப்பம்’, ‘நகரம்’ என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): வாஷகி எப்போதும் அமெரிக்க அரசின் பக்கமே நின்றார், தம் இனத்தை எதிர்த்துப் போரிட உதவினார் என்கிறார்களே. அவரைத் தலைவர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: ‘தம் இனத்தை’ என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகள் எல்லாரையும் ஒரே இனமாகப் பார்ப்பது வெளியிலிருந்து வந்தவர்களின் பார்வை. லகோட்டா, செயன், அரபஹோ, பிளாக்ஃபீட் ஆகியோர் ஷோஷோனியருக்கு வேட்டைக்களத்துக்காக மோதிய அயல்நாட்டார். வாஷகியின் தந்தை பிளாட்ஹெட் எனப்பட்ட சாலிஷ் இனத்தவர். வாஷகி சிறுவனாக இருந்தபோதே அந்தத் தந்தை பிளாக்ஃபீட் தாக்குதலில் கொல்லப்பட்டார். தாய் ஷோஷோனி இனத்தவர் என்பதால் மகன் தாய்வழி உறவினரிடையே வளர்ந்தார். அவர் கல்லறையில் பிறந்த ஆண்டு 1804 என்று பொறித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைச் சில ஆண்டுகள் பின்தள்ளுவதும் உண்டு.

தோல் வணிகர்களோடு பழகிய காலத்திலேயே வெள்ளையரின் எண்ணிக்கையையும் ஆயுதங்களையும் அவர் எடைபோட்டுவிட்டார். பசிபிக் கரையை நோக்கிச் சென்ற குடியேறிகளின் வண்டித்தடம் ஷோஷோனி நிலத்தின் நடுவே போனபோதும் அவர் அவர்களைத் தாக்கவில்லை. 1863ஆம் ஆண்டு பிரிட்ஜர் கோட்டை உடன்படிக்கை ஷோஷோனியருக்கு ஏறத்தாழ 4.4 கோடி ஏக்கர் பரப்பை எல்லையாகக் காட்டியது. அதே கோட்டையில் 1868 ஜூலை 3 அன்று செய்யப்பட்ட அடுத்த உடன்படிக்கை அதை ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கராகச் சுருக்கியது. ஆனாலும் அந்த 30 இலட்சம் ஏக்கரும் அவர் விரும்பிக் கேட்ட விண்ட் ரிவர் பள்ளத்தாக்கில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. தங்கள் நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு முன்பின் தெரியாத சமவெளிகளில் கொண்டுபோய் விடப்பட்ட இனங்கள் எத்தனையோ இருந்த காலம் அது. 1872இல் தங்கம் கிடைத்த தெற்குப் பகுதியையும் அரசு கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்கு ஈடாக 25,000 டாலர் மதிப்புள்ள கால்நடைகள், வாஷகிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 500 டாலர் என்று பேசப்பட்டது.

1876இல் அமெரிக்க இராணுவத்தின் ஜெனரல் குரூக்கின் படையோடு ஷோஷோனி வீரர்கள் லகோட்டாவினரையும் செயன் இனத்தாரையும் எதிர்த்து ரோஸ்பட் ஆற்றங்கரையில் போரிட்டார்கள். அது பழைய பகைவரோடு நடந்த போர். அரசின் ஆதரவைப் பெற்று அதை நடத்தியது வாஷகியின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்த ஆண்டு 1878. அவ்வாண்டு மார்ச் மாதம் அரசு, தங்கிப் போகும் ஏற்பாடு என்று சொல்லி, அரபஹோ மக்களை ஷோஷோனியரின் ஒதுக்கீட்டு நிலத்தில் கொண்டுவந்து இறக்கியது. வாஷகி எதிர்த்தும் அவர்கள் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். அதே ஆண்டின் முடிவில் பக்கத்திலிருந்த இராணுவ முகாமுக்கு ‘வாஷகி கோட்டை’ என்று பெயர் மாற்றினார்கள். கோட்டைக்கு அவர் பெயரும் அவர் நிலத்தில் பாதி பகைவருக்குமாக ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தன.

1900 பிப்ரவரி 20 அன்று அவர் இறந்தபோது முழு இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அரசிடமும் வெள்ளைச் சகோதரர்களிடமும் என்றும் விசுவாசமாக இருந்தவர் என்று கல்லறையில் எழுதினார்கள். அரசு காட்டிய விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம். ஷோஷோனியரின் இசைவின்றி நிலத்தில் பாதி பறிக்கப்பட்டது என்ற வழக்கில், 1930களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தின் பக்கமே நின்றது. மண் மட்டுமல்லாமல் அதன் மேலுள்ள மரமும் அடியிலுள்ள கனிமமும் இனத்தின் உடைமையே என்று 1938இல் கூறி, அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட 40 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. வாஷகி பகைவரை நம்பாமல் உடன்படிக்கைத் தாளை நம்பியவர். அந்தத் தாள் அவர் வாழ்நாளில் அவருக்கு உதவவில்லை, பேரப்பிள்ளைகளுக்கு ஓரளவு உதவியது. தலைவர் என்ற சொல்லுக்கு இது போதாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி (நாகர்கோவில் மாணவர்): அந்த ஊற்று எரிமலையால் சூடாகிறதா?

பதில்: இல்லை. அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள யெல்லோஸ்டோனில் நிலத்தடிப் பாறைக்குழம்பே நீரைச் சூடாக்குகிறது. தெர்மோபோலிஸில் அந்த வேலையை ஆழம் செய்கிறது. தெற்கேயுள்ள அவுல் கிரீக் மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறை, மணற்பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, சரிந்து செல்லும் அந்த அடுக்குகளோடு மிகுந்த ஆழத்துக்குப் போகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். இப்படிச் சூடேறிய நீர், பாறை அடுக்குகள் வில்போல் மேல்நோக்கி வளைந்துள்ள இடத்தில் விரிசல்கள் வழியே அழுத்தத்தோடு மேலேறிவிடுகிறது. முதன்மை ஊற்றின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அப்படியே இறங்கினால் தோல் வெந்துவிடும்.

வரும் வழியில் நீர் கரைத்துக்கொண்ட கால்சியம் கார்பனேட், வெளியே வந்ததும் நீரிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோகும்போது படிந்து, வெள்ளையும் மஞ்சளுமான படிக்கட்டுகள்போல் ஆற்றங்கரை வரை இறங்கி நிற்கிறது. அதில் தெரியும் பச்சையும் பழுப்பும் பாசிகள் தந்த நிறம். 1909இல் வெந்நீரின் ஆவியை வெளியேற்ற நட்டுவைத்த குழாய் ஒன்றின் மேல் இப்படியே படிந்து படிந்து இப்போது கூம்புக் குடில் வடிவில் ஒரு பாறையே வளர்ந்திருக்கிறது. முட்டை அழுகிய நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடினால். அங்குள்ள குன்றின்மேல் ‘உலகின் மிகப்பெரிய கனிம வெந்நீரூற்று’ என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெருமை என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

கேள்வி (காரைக்குடி வாசகி): ஷோஷோனி மக்கள் அந்த நீரை எப்படிப் பார்த்தார்கள்? நோய் தீர்க்கும் என்று நம்பினார்களா?

பதில்: நம்பினார்கள், அதோடு அஞ்சவும் செய்தார்கள். ஊற்றுக்கு அவர்கள் இட்ட பெயருக்குப் ‘புகையும் நீர்’ என்று பொருள் சொல்கிறார்கள். ஷோஷோனி மொழியில் ‘பா’ என்றால் நீர். ஆறு, ஏரி, ஊற்று ஆகியவற்றில் குழந்தை உருவிலும் பெண் உருவிலும் ஆவிகள் உறைகின்றன, அவை வலிமையைத் தரவும் கூடும், ஆளை இழுத்துக்கொள்ளவும் கூடும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. ஆகவே அந்த நீரில் இறங்குவது வேண்டுதலோடும் அடக்கத்தோடும் செய்ய வேண்டிய காரியமாக இருந்தது. விலை கொடுத்து வாங்கியவர்கள் அதிலிருந்து நோய் தீர்க்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்தார்கள்.

மருத்துவ நோக்கில் கேட்டால், வெந்நீரில் அமிழ்ந்திருக்கும்போது தசை இளகுகிறது, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீரின் மிதப்பு மூட்டுகளின் சுமையைக் குறைக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் உணரும் ஆறுதல் மெய்யானது. ஆனால் நோயே மறைந்துவிடும் என்பது வேறு பேச்சு. இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வெந்நீரூற்றிலும் இறங்கக் கூடாது.

கேள்வி (மதுரை வாசகர்): என் மகன் டென்வரில் இருக்கிறான், அடுத்த கோடையில் போகிறோம். அங்கே குளிக்க முடியுமா?

பதில்: முடியும். பூங்காவிலுள்ள மாநிலக் குளியலகத்தில் கட்டணம் கிடையாது. 1896ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சொல் அந்த வாசலில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று சொல்லலாம். நீரை 40 டிகிரி செல்சியஸுக்கு ஆற்றித் தொட்டியில் விடுகிறார்கள். ஒருமுறை 20 நிமிடத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்கள். குழந்தைகளுக்குச் சறுக்கு வேண்டுமானால் பக்கத்திலேயே கட்டணக் குளங்கள் உண்டு. ஆற்றின் மேலுள்ள தொங்குபாலத்தில் நின்றால் படிகப் படிக்கட்டுகள் நன்றாகத் தெரியும். பூங்காவிலேயே காட்டெருமை மந்தை ஒன்றையும் வளர்க்கிறார்கள்; வண்டியை விட்டு இறங்கி அவற்றின் அருகே போகவேண்டாம்.

தெற்கிலிருந்து வருவீர்களானால் விண்ட் ரிவர் ஆற்றின் குறுகிய மலையிடுக்கு வழியே வாருங்கள். வழியெல்லாம் கூடவே ஓடிவரும் விண்ட் ரிவர், ஊருக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில், கிளையாறு எதுவும் சேராமலேயே, பிக் ஹார்ன் என்று பெயர் மாறிவிடும். இரு முனைகளிலும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு பெயர் வைத்ததால் வந்த வினை அது. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் வாஷகி கோட்டை என்னும் சிற்றூருக்கும் போய்வாருங்கள். அவர் கல்லறை அங்கே இருக்கிறது. அதன் அருகே, விற்கப்படாமல் இன்றும் ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வெந்நீரூற்றும் இருக்கிறது. அதற்கும் வாஷகி பெயர்தான்.