வீல்சேருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? கேள்வி பதில்

19 வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். க்ளெய்ம் கோப்புகளோடு வருபவர்களுக்கு என்னால் ஆனதைச் சொல்லிவருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம். மெடிக்ளெய்மில் எல்லாம் பாஸ் ஆனது, வீல்சேர் தொகையை மட்டும் வெட்டிவிட்டார்கள். சண்டை போடலாமா? (சேலம்)

வேண்டாம் தம்பி. சாதாரண மெடிக்ளெய்ம் என்பது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானது. கம்பெனிகள் பணம் தராத பொருட்களின் பட்டியலில் நடக்க உதவும் சாதனங்களும் வரும். உங்கள் பாலிசியோடு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) ஏதாவது எடுத்திருந்தால் அதன் வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வழி அடைபட்டது. அப்பாவுக்கு 60 வயது தாண்டி, குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தால், மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

லாரி மோதி என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கேஸ் போடப் போகிறோம். வீல்சேர் செலவையும் அதில் கேட்க முடியுமா? (திண்டுக்கல்)

கண்டிப்பாகக் கேளுங்கள். நம் ஊரில் ஒரு நல்ல வீல்சேருக்கு இன்சூரன்ஸ் பணம் வர இதுதான் பெரிய வாசல். லாரியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து அதுதான் கெடு.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மனுவில் ‘வீல்சேர் ஒன்று’ என்று ஒரே வரி எழுதிக் கடை பில்லை இணைப்பார்கள். தீர்ப்பாயமும் அந்த ஒன்றுக்கு மட்டும் போடும். அண்ணன் இன்னும் எத்தனை வருடம் வாழ வேண்டியவர்! வீல்சேர் சில வருடத்தில் தேயும், டயர் போகும், குஷன் அதற்கும் முன்னால் அமுங்கிவிடும். 2022இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், செயற்கைக் காலை மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டிவரும் என்று கணக்கிட்டே தொகை கொடுத்தது. அதை வக்கீலிடம் சொல்லுங்கள். மறுவாழ்வு மருத்துவரிடம் அளவுகளோடு பரிந்துரை வாங்குங்கள். கொட்டேஷனில் வீல்சேர், குஷன், பராமரிப்பு, மாற்றும் செலவு தனித்தனியாக இருக்கட்டும். முடிந்தால் அந்த டாக்டரே சாட்சி சொல்ல வரட்டும்.

அளவு அவ்வளவு முக்கியமா? இலவச முகாமில் கொடுத்த வீல்சேரே போதும் என்கிறார்கள் வீட்டில். (கடலூர்)

என் முதல் வீல்சேரின் இருக்கை 18 அங்குலம். என் இடுப்பு 14. இரண்டு பக்கமும் இருந்த இடைவெளியில் உடம்பு இடதுபக்கம் சாய்ந்தே கிடந்தது. எனக்கு அங்கே உணர்வு கிடையாது, வலிக்கவும் இல்லை. ஒருநாள் அம்மா துணி மாற்றும்போது ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தார். படுக்கைப்புண். ஐந்து மாதம் குப்புறப் படுத்திருந்தேன். அதனால் சொல்கிறேன், அளவு ரொம்ப முக்கியம்.

உட்காரவைத்து இடுப்பின் அகலத்தை டேப்பில் எடுங்கள், ஒரு அங்குலம் கூட்டினால் இருக்கை அகலம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு அங்குலம் குறைத்தால் ஆழம். வீட்டுக் கழிவறைக் கதவையும் அளந்துவிடுங்கள், அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோஃப்ளை போல உடலளவுக்குச் செய்து தரும் வீல்சேர்கள் இப்போது இங்கேயே கிடைக்கின்றன. முகாம் வீல்சேர்தான் கையில் இருக்கிறதென்றால், பக்கவாட்டில் ஃபோம் வைத்து இடைவெளியை அடைத்துவிடுங்கள், நல்ல குஷன் போடுங்கள்.

கணவர் மில்லில் வேலை, இஎஸ்ஐ உண்டு. மெஷினில் மாட்டிக் கால் போய்விட்டது. (திருப்பூர்)

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் செயற்கை உறுப்பும் உதவிச் சாதனங்களும் மருத்துவப் பலனிலேயே வரும்மா. இஎஸ்ஐ மருந்தக டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வேலையில் நடந்த விபத்து என்பதால் நிரந்தர ஊனப் பலன் என்று மாதாமாதம் வருவது தனி. விபத்து அறிக்கையை மில்காரர் அனுப்பினாரா என்று முதலில் பாருங்கள்.

மாடியிலிருந்து விழுந்து இரண்டு காலும் செயலிழந்தன. பாலிசி எதுவும் கிடையாது. (விழுப்புரம்)

பாஸ்புக்கை எடுங்கள். மே கடைசி, ஜூன் வாக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? அதுதான் பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா, மத்திய அரசின் விபத்துக் காப்பீடு. விபத்து நடந்த அன்று அது நடப்பில் இருந்திருந்தால், இரண்டு காலும் மீளாமல் செயலிழந்ததற்கு 2 லட்சம் ரூபாய். வீல்சேருக்கென்று பிரித்துத் தரமாட்டார்கள், மொத்தமாகக் கணக்கில் வரும். ஊனச் சான்றிதழோடு நாளைக்கே வங்கிக்கு யாரையாவது அனுப்புங்கள்.