முதுகில் வைக்கும் கம்பி குத்துமா?

கேள்வி: மகளுக்கு 14 வயது. சாமத்தியப்பட்டு ஒன்றரை வருடம். சடங்குக்குப் பிளவுஸ் அளவெடுத்த தையல்கார அக்காதான் ஒரு தோள் உயர்ந்திருப்பதை முதலில் கண்டவர். இப்போது எக்ஸ்ரே பார்த்த டொக்டர், முதுகெலும்பு 54 பாகை வளைந்திருக்கு, ஒப்பரேஷன் செய்து கம்பி வைக்கவேணும் என்கிறார். 2009இல் பட்ட ஷெல் துண்டு என் துடையில் இன்னும் கிடக்கிறது. மழை இருட்டினாலே குத்தும். பிள்ளைக்கும் ஆயுளுக்கும் அப்படித்தானா? சின்னனில் தண்ணீர்க் குடம் தூக்கவிட்டதுதான் காரணமா?
– ஒரு தாய், தருமபுரம்

பதில்: முதலில் குடத்தை மறந்துவிடுங்கள், தங்கச்சி. குடம் தூக்கியோ புத்தகப் பை சுமந்தோ இந்த வளைவு வருவதில்லை. உங்களில் ஒரு பிழையும் இல்லை.

உங்கள் துடையில் இருப்பது கிழித்துக்கொண்டு போன இரும்பு. கூர் விளிம்போடு சதைக்குள் கிடக்கிறது. மகளுக்கு வைப்பது 5, 6 மில்லிமீட்டர் தடிப்பில் அழுத்தமான உருண்டைக் கம்பி, பெரும்பாலும் டைட்டானியம். முள்ளெலும்புகளில் திருகாணி இறக்கி, அவற்றின் தலையில் இரண்டு கம்பிகளைப் பூட்டி வளைவை நிமிர்த்துவார்கள். பூட்டிய கம்பி உள்ளே அலையாது. பிறகு எலும்புத் துருவலைப் பரப்பிவிட, ஆறு மாதம் ஒரு வருடத்தில் அந்த முள்ளெலும்புகள் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். அதன் பிறகு பாரம் தாங்குவது அந்த எலும்புதான்.

மாதக்கணக்கில் பிளாஸ்டர் கட்டோடு கிடக்கவேணும் என்று யாரும் சொன்னால், அது 1960களில் வைத்த ஹரிங்டன் என்ற பழைய வகைக் கம்பிக் காலத்துக் கதை. இப்போது மறுநாளே எழுப்பி நிற்கவைக்கப் பார்ப்பார்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். 50 பாகை தாண்டிய வளைவு, வளர்த்தி நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கூடும். பெல்ட் போட்டு மறிக்கிற கட்டமும் கடந்துவிட்டது.

டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒப்பரேஷன் நடக்கும்போதே முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்) வழியாகக் காலுக்குச் சமிக்ஞை போகிறதா என்று மெஷினில் பார்ப்பார்களா? கால் வழங்காமல் போகும் ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்புறம், கடைசித் திருகாணி எந்த முள்ளெலும்பில் வரும்? ஒட்டிய இடம் இனி மடங்காது. நெஞ்சு மட்டத்தோடு நின்றால் அவள் குனிந்து முற்றம் கூட்டலாம், நாற்றும் நடலாம். இடுப்புக்குள் கீழே இறங்க இறங்க அந்த மடக்கம் குறையும். கையெழுத்து வைக்கும் முன் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

நான் பிசியோவாக இருந்தபோது, இதே ஒப்பரேஷன் முடித்து வீடு போன பிள்ளை ஒன்று, குந்தியிருக்கிற கக்கூஸில் இருக்கமுடியாமல் அழுதது. தகப்பன் பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வட்டமாக வெட்டி, விளிம்பைச் சீலையால் சுற்றிக் கொடுத்தார். நீங்கள் அதை முன்னமே செய்துவையுங்கள். பாயிலிருந்து எழும்புவதும் கஷ்டம், ஒரு கட்டில் இரவல் வாங்கிப் போடுங்கள்.