மூடிலில் ஒப்படைப்புகளைப் பெறுவதும் திருத்துவதும்

கேள்வி: சென்னையிலுள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டு பிரிவுகளிலுமாக 120 மாணவர்கள். இதுவரை ஒப்படைப்புகளை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வாங்கிவந்தேன். யார் உரிய நேரத்தில் அனுப்பினார்கள் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. பல கோப்புகள் என் கணினியில் சரியாகத் திறக்கவில்லை. மதிப்பெண் வந்ததும் ஒப்பிட்டுக்கொண்டு முறையிட வந்தார்கள். இந்தப் பருவம் முதல், பாடங்களையும் ஒப்படைப்புகளையும் இணையவழியில் நடத்த உதவும் ‘மூடில்’ (Moodle) என்ற கல்லூரித் தளத்தில்தான் பெற வேண்டும் என்று கூறியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று சிக்கல்களும் திருத்தும் நேரத்தில்தான் தலைகாட்டுகின்றன என்றாலும், மூன்றையும் தீர்க்கும் இடம் ஒப்படைப்பை உருவாக்கும் அமைப்புப் பக்கம்தான். தலைப்பையும் கடைசித் தேதியையும் மட்டும் நிரப்பிச் சேமித்துவிடாமல், முதல் முறை அந்தப் பக்கத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் தேதிகள். மூடிலில் ‘டியூ டேட்’ வேறு, ‘கட்-ஆஃப் டேட்’ வேறு. டியூ டேட் கடந்த பிறகும் மாணவர் கோப்பை ஏற்றலாம். அது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை ஆசிரியரின் பட்டியலில் தளமே காட்டிவிடும். கட்-ஆஃப் டேட் வந்துவிட்டால் கதவு அடைபடும். அதற்குப் பின் நீங்கள் தனியாகக் கால நீட்டிப்பு கொடுத்தவர் மட்டுமே ஏற்ற முடியும். இரண்டையும் ஒரே நாளில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டுக்கும் இடையே மூன்று நாள் விட்டு, தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் குறையும் என்பதை விளக்கப் பகுதியில் எழுதிவிடுங்கள். அந்தக் கழிவைத் தளம் தானாகச் செய்யாது, நீங்கள்தான் கணக்கிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் விடுமுறை விட்டு, மின்சாரமும் இணையமும் துண்டிக்கப்படும் நாட்களில், பாதிக்கப்பட்ட மாணவரின் பெயருக்கு எதிரே நீட்டிப்பைக் கொடுத்தால் போதும். அவருடைய ஒப்படைப்பு தாமதம் என்று பதிவாகாது. ஒரு பிரிவு முழுவதற்கும் தேதியை மாற்ற வேண்டுமானால், இரு பிரிவுகளையும் தளத்தில் குழுக்களாக முன்பே பிரித்து வைத்திருப்பது கைகொடுக்கும்.

அடுத்தது, ‘சமர்ப்பி’ பொத்தானை மாணவர் அழுத்தியே தீர வேண்டுமா என்ற அமைப்பு. இதை ‘ஆம்’ என்று வைத்தால், கோப்பை ஏற்றிய பின்னும் அது வரைவாகவே நிற்கும். பொத்தானை அழுத்த மறந்தவர், தான் கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். உங்கள் மாணவர்கள் தளத்துக்குப் புதியவர்கள் என்பதால் ‘இல்லை’ என்றே விடுங்கள். அப்போது ஏற்றிய உடனேயே ஒப்படைப்பாகிவிடும். ஆனால் கட்-ஆஃப் டேட் வரை அவர் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்கவும் முடியும். ஆகவே திருத்தத் தொடங்கும் முன், பட்டியலில் அனைவரையும் தேர்ந்தெடுத்து ஒப்படைப்புகளைப் பூட்டிவிடுங்கள். நீங்கள் படித்த கோப்பும் தளத்தில் இருக்கும் கோப்பும் ஒன்றுதான் என்பதற்கு அந்தப் பூட்டே உத்தரவாதம்.

கோப்புகள் திறக்காத சிக்கல், தமிழ்த்துறையில் இருப்பவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அதே கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எழுத்துருவும் பொதுவாக உள்ளேயே பதிந்துவிடுவதால், நீங்கள் எதில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். எனவே ஏற்கத்தக்க கோப்பு வகையில் பி.டி.எஃப். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பு எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். கையால் எழுதிக் கைபேசியில் படமெடுப்பவர்களும் பக்கங்களை வருடல் (ஸ்கேன்) செயலியால் ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: மூடிலின் திருத்தும் பக்கத்திலேயே பி.டி.எஃப். மீது கோடிடலாம், குறிப்பு எழுதலாம். வேர்டு கோப்பை அவ்வாறு காட்டச் சர்வரில் அதைப் பி.டி.எஃப். ஆக மாற்றும் தனி மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். கோப்பின் அளவு வரம்பைப் பொறுத்தவரை தளம், பாடம், ஒப்படைப்பு ஆகிய மூன்று நிலைகளில் எது குறைவோ அதுவே செல்லும். ஒப்படைப்பில் அளவைக் கூட்ட முடியவில்லை என்றால் நிர்வாகியைத்தான் அணுக வேண்டும்.

இனி மதிப்பெண். ‘ரூப்ரிக்’ என்னும் அளவுகோல் அட்டவணையை ஒப்படைப்பு திறக்கும் முன்பே அமைத்து, மாணவர் பார்வைக்கும் வைத்துவிடுங்கள். சங்கப் பாடல் ஒன்றின் திணை, துறையை விளக்கும் 10 மதிப்பெண் கட்டுரை என்றால், பொருள் புரிதலுக்கு 4, பாடல் வரிகளைச் சான்றாகக் காட்டுவதற்கு 3, கட்டுரை அமைப்புக்கு 2, பிழையற்ற மொழிக்கு 1 என்று பிரிக்கலாம். ஒவ்வோர் அளவுகோலிலும் 0 மதிப்பெண்ணுக்கும் ஒரு படி (தர நிலை) இருக்கட்டும். மொத்த மதிப்பெண் என்ற இடத்தில் தளம் வழக்கமாக 100 என்று வைத்திருக்கும். அதை 10 ஆக மாற்ற மறந்தால், நீங்கள் போட்ட 7 தளத்தில் 70 ஆகப் பதிவாகும். முறையிட வரும் மாணவரிடம் எந்த அளவுகோலில் எந்தப் படி கிடைத்தது என்று காட்டிப் பேசலாம். நீங்கள் தவறியிருந்தாலும் அந்த ஒரு படியைத் திருத்தினால் போதும். கட்டுரை முழுவதையும் மறுபடி எடைபோட வேண்டியதில்லை.

ஒப்பிட்டு முறையிடுவது பாதியிலேயே தொடங்குவதற்குக் காரணம், மதிப்பெண்கள் ஒவ்வொன்றாக வெளியாவதுதான். இயல்பான அமைப்பில், ஒருவருக்கு மதிப்பெண் போட்டுச் சேமித்த உடனேயே அவருக்கு அது தெரிந்துவிடும். நாற்பதாவது கட்டுரையை நீங்கள் படிக்கும்போது முதல் பத்துப் பேரின் மதிப்பெண்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். அமைப்புப் பக்கத்தில் திருத்தும் பணியைப் படிப்படியான நிலைகளாகப் பிரிக்கும் ‘மார்க்கிங் வொர்க்ஃப்ளோ’வை இயக்கிவிட்டால், ‘ரிலீஸ்டு’ (வெளியிடப்பட்டது) என்ற நிலைக்கு நீங்கள் மாற்றும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. இடைப்பட்ட காலத்தில் முதலில் திருத்தியவற்றை மறுபடி பார்த்து, கடைசியில் திருத்தியவற்றோடு ஒப்புநோக்கிச் சமன்செய்யலாம். 120 கட்டுரைகளைப் படிக்கும்போது நம் கை தொடக்கத்தில் இறுகியும் போகப்போகத் தளர்ந்தும் போவது இயல்பு. மாணவருக்கு நியாயம் செய்ய இந்த ஒப்புநோக்கல் கட்டாயம் வேண்டும். கட்டுரைகளை மாணவர் பெயர் தெரியாமல் திருத்தும் வசதியும் உண்டு. உங்கள் துறையில் இசைவு இருந்தால் அதையும் இயக்கலாம்.

வீட்டில் இணையம் சரியில்லை என்றால் எல்லா ஒப்படைப்புகளையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கித் திருத்தலாம். கோப்புறைப் பெயர்களில் உள்ள எண்களை மட்டும் மாற்றாதீர்கள். குறிப்பெழுதிய கோப்புகளைத் திரும்ப ஏற்றும்போது, எது யாருடையது என்பதைத் தளம் அவற்றைக் கொண்டுதான் அறிகிறது. மதிப்பெண்களையும் சி.எஸ்.வி. என்னும் எளிய அட்டவணைக் கோப்பில் இட்டு ஏற்ற வழியுண்டு, ஆனால் ரூப்ரிக் பயன்படுத்தும் ஒப்படைப்புக்கு அது பொருந்தாது.

“தளத்தில் ஏறவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்” என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். கோப்பைப் பார்த்துவிட்டேன் என்று பதில் எழுதலாம், ஆனால் ஒப்படைப்பாக ஏற்காதீர்கள். அவருக்கு இரண்டு நாள் நீட்டிப்புக் கொடுத்துத் தளத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள். உண்மையிலேயே இயலாதவருக்காக ஆசிரியரே கோப்பை ஏற்றும் வசதியும் மூடிலில் இருக்கிறது. அதற்கான அனுமதி ஆசிரியர் கணக்கில் வழக்கமாக இராது என்பதால், பருவத் தொடக்கத்திலேயே தள நிர்வாகியிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.