முதலில் அந்த ஸ்கூட்டியை அனுப்புங்கள், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம். போன வாரம் நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் மகள் நினைப்புதான். எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட்., பாளையங்கோட்டையில் மூன்று வருடம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த பிள்ளை. கல்யாணமாகி நாலு மாதம், புனேயில் ஏழாவது மாடியில் மாப்பிள்ளை வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். "சும்மா இருக்கிறதுக்கு ஊருக்கு வந்து டி.ஆர்.பி.க்குப் படிக்கட்டும்" என்கிறீர்கள். தவிப்பு புரிகிறது, யோசனைதான் சரியாகப் படவில்லை. டி.ஆர்.பி. என்பது தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம், அதில் தேறினால் வேலை தமிழ்நாட்டில்தான். மாப்பிள்ளை அங்கே, இவள் இங்கே. அப்புறம் அடுத்த வருடம் "இரண்டு பேரையும் எப்படிச் சேர்த்து வைப்பது" என்று கேட்டு என்னிடமே வருவீர்கள்.

நீங்கள் நம்பர் கொடுத்தீர்களே, அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் வேலையைப் பற்றி அவள் சொன்னது இரண்டு வரி. மீதியெல்லாம் வேறு. கறிவேப்பிலை வாங்கக்கூட ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரரிடம் விலை பேச வாய் வரவில்லை. மாப்பிள்ளை எட்டரைக்கு பைக்கை எடுத்துக்கொண்டு ஹிஞ்சவடியில் இருக்கும் ஆபீசுக்குப் போனால் இவளுக்குக் கால் இல்லை. அவருக்கும் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை, அந்தப் பக்கத்து டிராஃபிக் அப்படி. ஆனால் ஊரில் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய் வந்த பெண்ணுக்கு இது பெரிய இறக்கம்.

அந்த ஸ்கூட்டி இப்போது உங்கள் வீட்டு முன்வாசலில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது, வந்தபோது பார்த்தேன். அதை அனுப்புங்கள். ரயில் பார்சலில் போகும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல், உங்கள் அடையாள அட்டை வேண்டும். பெட்ரோலைச் சொட்டு இல்லாமல் இறக்கிவிட வேண்டும். சாக்கு சுற்றிக் கட்டிக் கொடுக்க ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் இருக்கும். லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். வண்டி 12 மாதத்துக்கு மேல் அங்கேயே நிற்கப்போகிறது என்றால் மகாராஷ்டிராவில் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம்மூர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) தேவை, அதை இப்போதே விசாரித்து வையுங்கள். புனே டூவீலர் ஊர். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு பெண்கள் ஸ்கூட்டியில் பறப்பதை சிக்னலுக்கு சிக்னல் பார்க்கலாம். இவளும் ஒரு மாதத்தில் அப்படிச் சுற்றிக்கொள்வாள்.

இனி வேலை. அவள் கையில் இருக்கும் நம்ம மாநில ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) சான்றிதழ் மாநிலத்தைத் தாண்டினால் செல்லாது. மத்திய அளவில் நடக்கும் தகுதித் தேர்வான சி.டெட் எழுதட்டும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான இரண்டாம் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம், தப்புக்கு மைனஸ் கிடையாது. பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் போதும். மொழிப் பகுதியில் தமிழையும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். பதினொன்று, பன்னிரண்டு எடுப்பதற்கு அதுகூட வேண்டாம், எம்.எஸ்சி., பி.எட். போதும்.

ராணுவத்தின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் புனேயில் இருக்கிறது, அதனால் ராணுவத்தார், மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கான கேந்திரிய வித்யாலயா பள்ளிகளும் அங்கே நிறைய. ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அந்தந்தப் பள்ளியே நேர்முகத் தேர்வு வைக்கும், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிகளும் ஏப்ரலில் திறப்பதால் ஜனவரி முதலே ஆள் தேடும். இப்போது ஐப்பசி. ஆகவே இன்று வேலை இல்லை என்பதில் அவள் குற்றம் எதுவும் இல்லை, இது ஆள் எடுக்கும் காலமே இல்லை. பழைய பள்ளியில் அனுபவச் சான்றிதழ் வாங்காமல் போய்விட்டாளாம். அதை நீங்கள் நேரில் போய் வாங்கி அனுப்பலாம். தினமும் போன் போட்டு "என்ன ஆச்சு" என்று கேட்பதைவிட அது உருப்படியான காரியம்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அங்கே எந்த ஃபாரத்திலும் 'ஆட்நாவ்' என்று குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இருப்பது இனிஷியல். அவசரத்தில் ஒரு இடத்தில் உங்கள் பெயர், இன்னொரு இடத்தில் மாப்பிள்ளை பெயர் என்று எழுதிவிட்டால், பி.எஃப். கணக்கு தொடங்கும்போது மாட்டிக்கொள்வாள். டிகிரியில் எப்படியோ ஆதாரிலும் அப்படியே இருக்கட்டும். முகவரி மாற்ற அவள் பெயரில் ரசீது எதுவும் இல்லையே என்று கவலைப்பட்டாள். மாப்பிள்ளையின் ஆதாரில் புனே முகவரி இருந்தால், குடும்பத் தலைவர் என்ற முறையில் அவர் ஆன்லைனில் சம்மதம் கொடுத்து, உறவுக்கான சான்றோடு மாற்றிவிடலாம். வாடகை ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். பதினோரு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது இவள் பெயரையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

மராத்திக்குப் பயப்படுகிறாள். அதுதான் எனக்குச் சிரிப்பாக வந்தது. வாழைப்பழத்துக்கு அங்கே 'கேளி' என்று பெயர். அந்த 'ள' இந்திக்காரர்களுக்கு வராது, நம்மவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. நாம், நாங்கள் என்று நாம் பிரிக்கிறோமே, அதே மாதிரி அவர்களும் 'ஆபண்', 'ஆம்ஹி' என்று பிரிக்கிறார்கள். இந்தியில் இந்த வித்தியாசமே கிடையாது. தினமும் ஒரே காய்கறிக்கடைக்குப் போய் ஒரே ஆளிடம் நாலு வார்த்தை பேசினால் பொங்கலுக்குள் விலை பேசும் அளவுக்கு வந்துவிடும். பள்ளி நேர்முகத்துக்கு ஆங்கிலம் போதும், வகுப்பறைக்குக் கொஞ்சம் இந்தி தேவைப்படும்.

சி.டெட் அறிவிப்பு வந்ததும் நானே அவளுக்குச் சொல்கிறேன். நீங்கள் இந்த வாரம் பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டு வாருங்கள். ஸ்பேர் சாவி பீரோவில் இருக்கிறதாம். பத்திரமாக இருக்கட்டும் என்று நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டையும் அவளுக்கே கூரியரில் அனுப்பிவிடுங்கள்.