ஜெபிக்க முடியாவிட்டால் விசுவாசம் போய்விட்டது என்று பொருளா?

துன்ப நாட்களில் ஜெபிக்க வாயே வருவதில்லை, விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வார்த்தை வராதது விசுவாசம் அற்றுப்போனதற்கு அடையாளம் அல்ல. வேதாகமத்தின் பாடல்-ஜெபங்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, ஆயினும் இரண்டும் ஜெபங்களே. சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிப் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை (ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது). தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்க, அவர் உண்டு மறுபடியும் உறங்கிய பின்னரே, தூதன் இரண்டாம் முறை தட்டியெழுப்பி, பயணம் வெகுதூரம் என்றான். ஆகவே முதலில் உண்ணுங்கள், உறங்குங்கள். சொந்த வார்த்தை கிடைக்காதபோது அந்தச் சங்கீதங்களையே உரக்க வாசியுங்கள். அதுவும் இயலாவிட்டால், சபையில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.