2008 அமெரிக்க மந்தநிலை: வீட்டு விலை சரிந்ததும் மக்கள் ஏன் செலவைக் குறைத்தார்கள்?

2008 மந்தநிலைக்கு வங்கிகள்தானே காரணம், வீட்டு விலைக்கும் மக்களின் செலவுக்கும் அதில் என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி விழுந்தது 2008 செப்டம்பரில். மந்தநிலையோ 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. வீட்டு விலை அதற்கும் ஒன்றரை ஆண்டு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போது நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய புறநகரில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புது வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுபவர். வாரத்தில் ஆறு நாள் வேலை. 2005-இல் தன் வீட்டின் மதிப்பு ஏறியிருந்ததைக் காட்டி அதன்மேல் கூடுதல் கடன் வாங்கினார். கொல்லைப்புறத்தில் நீச்சல்குளம் வந்தது, வாசலில் பிக்கப் வண்டி நின்றது. அவரைப் பேராசைக்காரர் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வரும். வீட்டு விலை இறங்கவே இறங்காது என்று கடன் கொடுத்தவர்களே அவரிடம் சொன்னார்கள். அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களின் நுகர்வுதான். அந்த நுகர்வில் ஒரு பகுதி இப்படி வீட்டை வைத்து வாங்கிய கடனில் ஓடியது.

2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி, 17 முறை ஏறி 2006 ஜூனில் 5.25 சதவீதத்தைத் தொட்டது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை கூடியது. வீடு வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். 2005-இல் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2009-இல் அது சுமார் 5.5 லட்சம். புது வீடு இல்லையென்றால் டைல்ஸ் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, திரைச்சீலை இல்லை. அதே நான்கு ஆண்டுகளில் வாகன விற்பனையும் சுமார் 1.7 கோடியிலிருந்து 1.04 கோடிக்கு விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை வாரம் இரண்டு நாளானது. முதலில் வண்டி போனது, 2009-இல் வீடும் போனது. ஆளில்லாத அந்த நீச்சல்குளம் பாசி பிடித்துப் பச்சையாகி, கொசுப்புழு தின்னும் மீன்களைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

ஆனால் நாட்டை முடக்கியதில் வீட்டை இழக்காத எங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கு வேலை போகவில்லை, ஒரு தவணைகூடத் தவறவில்லை. இருந்தும் வீட்டின் விலை கடனுக்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்த வாரமே, என் மனைவி புது சோபாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை வெளியே சாப்பிடுவதும் நின்றது. தெருவே இப்படிக் கையைச் சுருக்கியது. நாங்கள் வழக்கமாகப் போகும் உணவகத்தில் பரிமாறிய பெண்ணுக்கு இரண்டே மாதத்தில் வேலை இல்லை. அவரும் ஒரு வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர்தான்.

2008 டிசம்பரில் வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். எங்கள் தெருவில் யாரும் புதுக் கடன் கேட்டுப் போகவில்லை. 2011-இல் ஃபீனிக்ஸ் வீட்டு விலை உச்சத்தில் பாதிகூட இல்லை. இருக்கிற கடனை அடைத்தால் போதும் என்றிருந்தோம். அந்த சோபாவை 2013-இல்தான் வாங்கினோம்.